காத்தாடிக்கு நிலம் குடுக்கவா, ஊரே சேர்ந்து ஒரு காத்தாடி வாங்கவா?

சங்கரன்கோவில் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. பேர், ஊர் வேண்டாம்னு கேட்டதால விட்டுட்டேன். அவங்க எழுதினதை சுருக்கி தர்றேன்:

"வணக்கம் சார். எங்க அப்பாவுக்கு அஞ்சு ஏக்கர் கரிசக்காடு, மானாவாரி. உளுந்தும் மக்காச்சோளமும் தான் போடுறோம். இப்ப ஊரைச் சுத்தி கரண்டு எடுக்குற காத்தாடி (காற்றாலை) போட ஒரு பெரிய கம்பெனி இடம் பாக்குது. புரோக்கர் ஒருத்தர் வாரத்துக்கு ரெண்டு தடவை வீட்டுக்கு வந்துடுறார், ரெண்டு ஏக்கர் கிரயம் கேக்குறார். அட்வான்ஸ்னு 25,000 குடுத்து அப்பாகிட்ட ஏதோ ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு போயிருக்கார். இன்னொரு பக்கம் எங்க மகளிர் குழுவுலயும் ஊர்ப் பசங்க மத்தியிலயும் சொந்தமா காத்தாடி வாங்குன ஓடந்துறை பஞ்சாயத்து மாதிரி நம்ம பஞ்சாயத்தே ஒரு காத்தாடி வாங்குனா என்னன்னு பேச்சு ஓடுது. எங்க ஆச்சி காத்தாடி வந்தா மேகத்தை விரட்டிடும், மழை வராதுன்னு சொல்லிட்டே இருக்காங்க. எதை நம்புறதுன்னே தெரியல. அப்புறம் தம்பி ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடிச்சிருக்கான், அவனுக்கு அங்க வேலை கிடைக்குமா?"

தங்கச்சி, இதுக்கு மேல படிக்கிறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட போய் அந்த பேப்பர் என்னன்னு கேளுங்க. காப்பி இல்லன்னு சொன்னா புரோக்கர்கிட்ட கேட்டு வாங்குங்க, தரமாட்டேன்னு இழுத்தா அதுலயே பாதி விஷயம் புரிஞ்சிடும். அது வெறும் ரசீதா, கிரய ஒப்பந்தமா, இல்ல பவர் பத்திரமா, இதான் கேள்வி. ரசீதுன்னா 25,000-ஐ திருப்பிக் குடுத்து பேசி முடிச்சுக்கலாம். ஒப்பந்தம்னா எத்தனை மாசம் கெடு, எந்த சர்வே நம்பர், ரெண்டு ஏக்கர் தானா இல்ல அஞ்சும் எழுதியிருக்கான்னு பாக்கணும். பவர்னா அன்னைக்கே வக்கீலைப் பாருங்க, ஏன்னா பவர் வச்சிருக்கவர் உங்க அப்பாவை ஒரு வார்த்தை கேக்காம யாருக்கு வேணா கிரயம் பண்ணிக் குடுத்துட முடியும். பத்திர ஆபீஸ் வெப்சைட்ல உங்க சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தா ஏதாவது பதிவாகியிருக்கான்னு தெரிஞ்சிடும். நான் பாத்த வரைக்கும் காத்தாடி நிலத்துல வர்ற வழக்குல பாதி கம்பெனியோட நேரா வந்த வழக்கு கிடையாது, நடுவுல நின்ன புரோக்கர் பேர்ல இருந்த பவரால வந்தது தான்.

என்னைப் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன், அப்புறம் நான் ஒரு பக்கம் சாய்ஞ்சு பேசுறேன்னு யாரும் நினைக்கக் கூடாது. 26 வருஷம் காத்தாடி பராமரிப்புல எஞ்சினியரா இருந்தவன், முப்பந்தல்லயும் கயத்தாறுலயும் பல்லடத்துலயும் கம்பெனி சம்பளம் வாங்கித் தான் பிள்ளைகளைப் படிக்க வச்சேன். காத்தாடி நல்ல விஷயம்னு தான் இன்னைக்கும் நம்புறேன். ஆனா நிலம் குடுத்த ஊருக்கு அதுல என்ன மிஞ்சுச்சுன்னு கேட்டா எனக்கு தலை கொஞ்சம் குனிஞ்சு தான் போகும்.

மொதல்ல ஆச்சி சொன்னது. தென்காசி, தூத்துக்குடி, திருநெல்வேலி எங்க போனாலும் இந்தப் பேச்சு இருக்கு, ஆச்சியை கேலி பண்ணாதீங்க. காத்தாடி வந்த அதே வருஷங்கள்ல ரெண்டு மூணு வறட்சியும் சேர்ந்து வந்துச்சு, கண்ணுக்கு தெரிஞ்சது அது தான், அதனால அதோட முடிச்சு போட்டுக்கிட்டாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, உங்க பக்கம் மானாவாரிக்கு மழை ஐப்பசி கார்த்திகையில, வாடைக்காத்து காலத்துல வருது. அப்ப காத்தாடில பாதி சும்மா நிக்கும், நாங்க அந்த மாசங்கள்ல தான் ஆயில் மாத்துறது, போல்ட் டைட் பண்றதுன்னு எல்லா வேலையும் வச்சுக்குவோம். காத்தாடி பலமா சுத்தித் தள்ளுற காலம் வைகாசில இருந்து புரட்டாசி வரைக்கும், தென்மேற்கு காத்து செங்கோட்டை கணவாய் வழியா இறங்கி வர்றப்போ. அந்தக் காலத்துல மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல மழையைக் கொட்டிட்டு வெறும் காத்தா தான் நமக்கு வருது, அது காத்தாடி இல்லாத காலத்துல இருந்தே அப்படித் தான். இறக்கை நுனி எவ்ளோ மேல போனாலும் 200 மீட்டர் பக்கம், மழை மேகம் அதுக்கு எவ்வளவோ மேல. அதனால மழைக்கு பயப்பட வேண்டாம்னு ஆச்சிகிட்ட சொல்லுங்க, ஆனா தண்ணிக்கு பயப்படணும்னும் சேர்த்து சொல்லுங்க, அதுக்கு வர்றேன்.

இத்தனை வருஷம் உங்க ஊரை எட்டிப் பாக்காதவங்க இப்ப ஏன் வீடு தேடி வர்றாங்க? உயரம் தான் காரணம். 1986-ல தூத்துக்குடில மொத மொதல்ல போட்டப்போ ஒரு மெஷின் 55 கிலோவாட். தொண்ணூறுகள்ல முப்பந்தல் நிறைஞ்சப்போ 225, 250 கிலோவாட், தூண் உயரம் 30 மீட்டர் சில்லறை. அந்த உயரத்துல காத்து பலமா கிடைக்கிறது ஆரல்வாய்மொழி மாதிரி கணவாய் வாசல்ல மட்டும் தான். இப்ப வர்ற மெஷின் 2, 3 மெகாவாட், தூண் 120, 140 மீட்டர். காத்து வேகம் கொஞ்சம் கூடுனாலே சக்தி எக்கச்சக்கமா கூடும், செகண்டுக்கு 6 மீட்டர் வீசுறது 7 ஆனா அதுல இருக்குற சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேல போயிடும், ரெண்டு மடங்கு வேகம்னா எட்டு மடங்கு. அதனால கீழ சுமாரா தெரியுற ஊரும் 120 மீட்டர்ல தங்கம். பள்ளிக்கரணையில இருக்குற தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தோட கணக்குப்படி 120 மீட்டர் உயரத்துல தமிழ்நாட்டுல மட்டும் 68,000 மெகாவாட்டுக்கு இடம் இருக்கு, இதுவரை போட்டது 12,000 பக்கம். அதாவது புரோக்கர் இன்னும் ரொம்ப நாளைக்கு வருவார். இன்னைக்கு விட்டா போச்சு, பக்கத்து ஊர்ல முடிச்சிடுவேன்னு அவர் அவசரப்படுத்துறதை பெருசா எடுத்துக்காதீங்க. மெஷின் வைக்கிற புள்ளியை காத்து அளந்து, மெஷினுக்கும் மெஷினுக்கும் இடைவெளி கணக்கு பாத்து தான் குறிக்கிறாங்க, நினைச்ச நேரத்துக்கு அடுத்த ஊருக்கு தூக்கிட்டு போற சமாச்சாரம் இல்ல. உங்க காட்டுல புள்ளி விழுந்திருந்தா அந்த காடு அவங்களுக்கு வேணும்.

அது தான் மொத கேள்வி, புள்ளி உங்க காட்டுல விழுதா, இல்ல பாதைக்கும் கம்பி போறதுக்கும் தான் கேக்குறாங்களா? ரெண்டுக்கும் விலை வேற. லேஅவுட் மேப்பும் உங்க நிலத்தோட எஃப்எம்பியும் (சர்வே அளவு வரைபடம்) ஒண்ணா வச்சுக் காட்டச் சொல்லுங்க. எங்க தூண், எங்க கிரேன் நிக்குற இடம், எங்க பாதை, எந்தப் பக்கம் லைன் போகுது. இறக்கை ஒண்ணே 60, 70 மீட்டர் நீளம், அஞ்சு பஸ்ஸை வரிசையா ஒட்டி வச்ச மாதிரி, அதைக் கொண்டு வர்ற வண்டி உங்க ஊர் முக்குல திரும்பணும்னா வேப்பமரமும் போகும், சில நேரம் யாராவது வீட்டுத் திண்ணையும் போகும். வீட்டுல இருந்து எவ்ளோ தூரம்னும் கேளுங்க, மத்திய அரசோட 2016 வழிகாட்டுதல்ல குடியிருப்புக்கு 500 மீட்டருக்குள்ள வைக்கக் கூடாதுன்னு சத்தத்துக்காகவே எழுதியிருக்கு. ராத்திரி வீட்டு முத்தத்துல படுத்தா உஷ் உஷ்னு ஒரு சத்தம் விட்டு விட்டு வரும், 500 மீட்டர் தாண்டுனா பழகிடும், 200 மீட்டர்ல பழகாது. எங்க ஆபீஸ் ரூம்ல வருஷக்கணக்கா தூங்குனவன் சொல்றேன்.

கிரயமா குத்தகையான்னு கேட்டா என் பதில் குத்தகை தான், அதுல எனக்கு ரெண்டு மனசு இல்ல. கம்பெனிக்கு கிரயம் பிடிக்கும், ஏன்னா ஒரே தடவை காசு குடுத்து கழட்டி விட்டுடலாம். அப்பாவுக்கும் பிடிக்கும், ஒரு கல்யாணத்துக்கோ கடனுக்கோ மொத்தமா ஒரு தொகை வருது. ஆனா ஒரு மெஷின் 20, 25 வருஷம் அங்க நிக்கப் போகுது. 3 மெகாவாட் மெஷின், 30 சதவீதம் பிஎல்எஃப் (வருஷம் பூரா முழு திறன்ல ஓடுனா வர்றதுல நெஜமா கிடைக்கிற பங்கு) வச்சா வருஷத்துக்கு சுமாரா 78 லட்சம் யூனிட். யூனிட் 3 ரூபான்னு வச்சாலே 2 கோடியே 34 லட்சம். இது ஒரு வருஷத்துக்கு, ஒரு மெஷினுக்கு. உங்க அப்பா ரெண்டு ஏக்கருக்கு வாங்கப் போறது எவ்வளவுன்னு நீங்களே இதுக்கு பக்கத்துல வச்சுப் பாருங்க. கம்பெனிக்கு கடன், வட்டி, பராமரிப்பு, மின் வாரியத்துக்கு கட்டுற சார்ஜ் எல்லாம் இருக்கு, அந்த 2 கோடியும் லாபம்னு நான் சொல்லல. ஆனா நிலத்துக்காரனுக்கு அதுல ஒரு நூல் அளவு கூட வருஷா வருஷம் வரக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல.

அதனால நான் யார் வந்து கேட்டாலும் சொல்றது இது தான்: வருஷக் குத்தகை ஒண்ணு, வருஷத்துக்கு இத்தனை சதவீதம் ஏறணும்னு எழுதி. அது போக யூனிட்டுக்கு இத்தனை பைசான்னு ஒரு பங்கு. 5 பைசான்னு கேட்டா 78 லட்சம் யூனிட்டுக்கு 3 லட்சத்து 90 ஆயிரம் வரும். 5 பைசாங்குறது கம்பெனி காதுல பெருசா விழாது, மொத்தமா 4 லட்சம்னு கேட்டா தான் குதிப்பாங்க. இதுல ஏமாத்தவும் முடியாது, ஏன்னா மாசா மாசம் வாரியத்து ஆளும் கம்பெனி ஆளும் சேர்ந்து நின்னு மீட்டர் ரீடிங் எடுத்து கையெழுத்து போடுறாங்க, ஜாயின்ட் மீட்டர் ரீடிங்னு பேரு. அந்த ஷீட்டோட ஒரு காப்பி நிலத்துக்காரருக்கு தரணும்னு குத்தகைப் பத்திரத்துல ஒரு வரி எழுதிட்டா போதும். இத்தனை வருஷத்துல எத்தனை விவசாயி இதைக் கேட்டாங்கன்னு நினைக்கிறீங்க? நான் இருந்த சைட்டுகள்ல ஒருத்தர் கூட இல்ல. கேட்டா குடுத்திருப்பாங்களான்னா பாதி இடத்துல குடுத்திருப்பாங்க, ஏன்னா புள்ளி மாத்துறதை விட பைசா குடுக்குறது அவங்களுக்கு மலிவு.

குத்தகைன்னா கண்டிப்பா பதிவு பண்ணணும், ஒரு வருஷத்துக்கு மேல போற எந்தக் குத்தகையும் பதிவு ஆகாம செல்லாது. அதுல மெஷினோட ஆயுசு முடிஞ்சா யார் கழட்டுறதுன்னும் எழுதுங்க. அடித்தளம் 20 மீட்டர் அகலத்துக்கு காங்கிரீட், அதை விட்டுட்டுப் போனா அந்த இடத்துல எதுவும் முளைக்காது. இறக்கை ஃபைபர், பழைய இரும்புக்காரன் கூட எடுக்க மாட்டான். தமிழ்நாட்டுல இப்ப பழைய மெஷினைக் கழட்டிட்டு அதே இடத்துல பெருசு போடுறதுக்கு 2024-ல ஒரு கொள்கையே வந்திருக்கு, அதனால உங்க காலத்துலயே இல்லாட்டியும் உங்க பிள்ளை காலத்துல இந்தக் கழட்டுற பேச்சு வரும், அப்ப புது மெஷினுக்கு குத்தகையும் புதுசா பேசணும்னு இப்பவே போட்டுடுங்க.

இனி தண்ணி. ஒரு சைட்ல நடந்தது, கம்பெனி பேர் வேண்டாம், நானும் அதுல ஒரு ஆளு. கிரேன் போறதுக்கு கிராவல் அடிச்சு பாதை போட்டோம், தரையில இருந்து ரெண்டடி உயரம். குறுக்க ஒரு ஓடை, ஓடைன்னா பெருசா ஒண்ணும் இல்ல, கோடையில ஆடு மேயுற பள்ளம், வெளியூர் காண்டிராக்டர் கண்ணுக்கு அது ஓடையாவே தெரியல. அதுக்கு அடியில பைப்பு போடாம அப்படியே மூடி ரோலர் ஓட்டிட்டாங்க. ஐப்பசில ரெண்டு நாள் மழை, மேல் பக்கம் ஒருத்தர் உளுந்து போட்டிருந்தார், காய் பிடிக்கிற நேரம், பாதை அணை மாதிரி நின்னு நாலு நாள் தண்ணி தேங்கி மொத்தமும் அழுகிப் போச்சு. கீழ் பக்கத்துல இருந்த சின்ன குளத்துக்கு அந்த வருஷம் ஒரு சொட்டு போகல. அவர் சைட் ஆபீஸ் வாசல்ல வந்து ஒரு கைப்பிடி அழுகுன செடியை என் டேபிள்ல வச்சுட்டு ஒண்ணுமே பேசாம போயிட்டார். அப்புறம் நஷ்டஈடு குடுத்தாங்க, பைப்பும் போட்டாங்க, ஆனா நாலாயிரம் ரூபா பைப்பை மொதல்லயே போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். காத்தாடியால மழை போச்சுன்னு அந்த ஊர்ல இன்னைக்கும் சொல்றாங்கன்னா, அவங்க குளத்தைப் பொறுத்த வரைக்கும் அது ஒரு வகையில உண்மை தானே. அதனால ஓடை, வண்டிப்பாதை, குளத்து வரத்துக் கால்வாய் மூணையும் மேப்ல சிவப்புல குறிச்சு, குறுக்க போற இடத்துல எல்லாம் பைப்போ சிறு பாலமோ போடணும், குளத்து மண்ணை அள்ளக் கூடாதுன்னு வேலை தொடங்குறதுக்கு முன்னாடி எழுதி வாங்குங்க. இது உங்க வீட்டு விஷயம் மட்டும் இல்ல, இங்க தான் பஞ்சாயத்தும் உள்ள வரணும்.

பஞ்சாயத்துன்னு வந்துட்டதால ஓடந்துறைக்கு வர்றேன். நீங்க ஆசைப்படுறது தப்பே இல்ல. மேட்டுப்பாளையம் பக்கம் அந்த ஊராட்சி 2006-ல 350 கிலோவாட் காத்தாடி ஒண்ணு வாங்குச்சு, சுமார் 1 கோடியே 55 லட்சம். தலைவரா இருந்த சண்முகம் காலத்துல பஞ்சாயத்து சேத்து வச்சிருந்த காசு 40 லட்சம், மீதி பேங்க் லோன். வருஷத்துக்கு 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் பக்கம், ஊர்த் தேவை போக மிச்சத்தை வாரியத்துக்கு வித்து லோனை அடைச்சாங்க. எழுதுறவங்க எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க, ஆனா நீங்க கவனிக்க வேண்டியது அந்த காத்தாடி ஓடந்துறையில இல்லங்குறதை. உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில, நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி, பாலக்காட்டு கணவாய் காத்து வீசுற இடத்துல நிக்குது. அங்க சுத்துற கரண்டு வாரியத்து கம்பில சேருது, ஊருக்கு வர்றது கணக்குல வரவு தான். அதாவது காத்தாடிக்கு நிலம் குடுத்த ஊர் வேற, காத்தாடியால சம்பாதிச்ச ஊர் வேற. உங்க ஊர் இப்ப மைவாடி இடத்துல நிக்குது, ஓடந்துறை இடத்துக்கு வர ஆசைப்படுது.

வர முடியுமா? ஒண்டியா ஒரு புது மெஷின் வாங்குறது இன்னைக்கு நடக்காதுன்னு தான் சொல்லுவேன். ஒரு மெகாவாட்டுக்கு ஆறேழு கோடி, 3 மெகாவாட்னா 20 கோடி கிட்ட, எந்தக் கிராமப் பஞ்சாயத்து கையில அதுல கால் பங்கு இருக்கு? இன்னொண்ணு, காத்தாடி லாபம் வர்றது யாருக்குன்னா பெரிய கரண்டு பில் கட்டுறவனுக்கு. கோயம்புத்தூர், திருப்பூர், ராஜபாளையம் மில்லுக்காரங்க வரிசையா காத்தாடி வச்சிருக்கதுக்கு அது தான் காரணம், சொந்த காத்தாடி யூனிட்டை மில்லோட ஹெச்டி (உயர் அழுத்த மின்சார) பில்லுல கழிச்சா ஒவ்வொரு யூனிட்டுக்கும் நல்ல மிச்சம், அந்தக் காலத்துல மொத வருஷமே மெஷின் விலையில 100 சதவீதம் தேய்மானச் செலவு காட்டி வருமான வரியும் மிச்சம் பிடிச்சாங்க, பிறகு அது 80 ஆகி இப்ப 40-ல நிக்குது. உங்க ஊர்ல பம்புசெட்டுக்கு கரண்டு இலவசம், வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். கழிக்கிறதுக்கு பில்லே இல்லாத இடத்துல காத்தாடி யூனிட்டை வச்சு என்ன பண்றது? பஞ்சாயத்துக்கு தெருவிளக்கும் குடிதண்ணி மோட்டாரும் இருக்கு, அந்த பில் எவ்வளவுன்னு குழுவுல யாராவது எடுத்துப் பாத்தீங்களா? அதைப் பாக்காம காத்தாடிப் பேச்சு பேசக் கூடாது.

ஒத்தை மெஷின் வச்சிருக்கவங்க பாடும் எனக்கு தெரியும். தெரிஞ்ச ஒரு சின்ன மில் ஓனர், ஒரே ஒரு மெஷின், ஆனி மாசம் கியர் பாக்ஸ் போச்சு. கிரேன் எல்லாம் பெரிய சைட்டுகள்ல ஓடிட்டு இருக்கு, ஒரு மெஷினுக்காக எவன் வருவான், வந்து மாட்டி முடிக்கிறப்போ ஆவணி பாதி. வருஷ உற்பத்தியில பெரும்பகுதி அந்த சீசன்ல தான், அவருக்கு அந்த வருஷம் லோன் வட்டி கூட வரல. நூறு மெஷின் வச்சிருக்கவனுக்கு ஒண்ணு நின்னா ஒரு சதவீதம், ஒண்ணு வச்சிருக்கவனுக்கு ஒண்ணு நின்னா எல்லாமே நின்னு போச்சு. யாராவது வந்து செகண்ட் ஹேண்ட்ல 225 கிலோவாட் மெஷின் சல்லிசா கிடைக்குதுன்னு ஆசை காட்டுனாலும் கொஞ்சம் நிதானிங்க. ஸ்காட்லாந்துல கீகான்னு ஒரு குட்டித் தீவு, அங்க ஊர்க்காரங்களே சேர்ந்து பழைய வி27 மெஷின் மூணு வாங்கிப் போட்டு நல்லா சம்பாதிச்சாங்க, நம்ம முப்பந்தல்ல வரிசையா நிக்குற அதே 225 கிலோவாட் மாடல் தான், அந்தத் தீவு மெஷின் மூணுக்கும் டான்ஸ் ஆடுற பொண்ணுங்கன்னு செல்லப் பேரு வேற. ஆனா அங்க அட்லாண்டிக் காத்து வருஷம் பூரா அடிக்குது, நமக்கு அஞ்சு மாசம்.

வெளிநாட்டுப் பேச்சு எடுத்ததால டென்மார்க்கையும் சொல்லணும், ஏன்னா உங்க குழு கேட்டுக்கிட்டு இருக்குற விஷயம் அங்க தான் சட்டமாவே இருந்துச்சு. கோபன்ஹேகன் கரையில இருந்து பாத்தா கடலுக்குள்ள வில்லு மாதிரி வளைஞ்சு 20 காத்தாடி தெரியும், மிடில்குருண்டன்னு பேரு, 40 மெகாவாட், அதுல சரிபாதி எட்டாயிரம் பேருக்கு மேல பங்கு போட்டு வாங்குன கூட்டுறவு சங்கத்தோடது, மீதிப் பாதி நகரத்து மின் கம்பெனியோடது. அது போக 2009-ல இருந்து புதுசா காத்தாடி போடுறவங்க 20 சதவீத பங்கை நாலரை கிலோமீட்டருக்குள்ள குடியிருக்கவங்களுக்கு அடக்க விலைக்கு மொதல்ல நீட்டணும்னு விதி வச்சிருந்தாங்க, பிறகு அந்த விதியை எடுத்துட்டு வேற ஏற்பாடு கொண்டு வந்துட்டாங்க. நம்ம நாட்டுல காத்தாடிக்கு அப்படி எதுவும் இல்ல. வேடிக்கை என்னன்னா அணை கட்டி கரண்டு எடுத்தா அந்த மாநிலத்துக்கு 12 சதவீத கரண்டு இலவசம், அது போக அந்த வட்டார வளர்ச்சிக்குன்னு இன்னொரு 1 சதவீதம், 2008 நீர்மின் கொள்கையிலயே இருக்கு. தண்ணிக்கு பங்கு உண்டு, காத்துக்கு கிடையாது. சட்டம் தராததை ஒப்பந்தத்துல தான் எழுதி வாங்கணும், வேற வழி இல்ல.

அதனால உங்க குழுவுக்கு நான் சொல்றது, மெஷின் வாங்குற கனவை ஒரு பக்கம் வச்சுட்டு மெஷினோட மீட்டர்ல யூனிட்டுக்கு ஒரு பைசா ஊருக்கு கேளுங்க. நெஜமாவே ஒரு பைசா. நிலத்துக்காரருக்கு தனியா 5 பைசா, ஊர்ப் பொதுவுக்கு தனியா 1 பைசா. உங்க ஊர் எல்லைக்குள்ள 20 மெஷின் வருதுன்னா ஒரு மெஷினுக்கு 78,000 வீதம் 15 லட்சத்து 60 ஆயிரம் வருஷத்துக்கு. 20 கோடி கடன் இல்லாம, கியர் பாக்ஸ் கவலை இல்லாம. கம்பெனி உடனே எங்க சிஎஸ்ஆர்ல (சமூகத்துக்கு செலவழிக்கிற காசுல) ஸ்கூலுக்கு பெயின்ட் அடிச்சுத் தர்றோம், கோயிலுக்கு கொடை தர்றோம்னு சொல்லுவாங்க, அதை வேண்டாம்னு சொல்லாதீங்க, ஆனா இதுக்கு பதிலா அதுன்னு ஒத்துக்காதீங்க. லாபம் ஒரு அளவைத் தாண்டுன கம்பெனி 2 சதவீதம் சமூகத்துக்கு செலவழிக்கணும்னு 2013 கம்பெனி சட்டத்துலயே இருக்கு, அது அவங்க எப்படியும் செய்ய வேண்டியது, உங்களுக்கு தர்ற சலுகை இல்ல.

இதை எல்லாம் டீக்கடையில பேசாம கிராமசபையில பேசுங்க. வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுக்குள்ள புள்ளி விழுந்த காட்டுக்காரங்க எல்லாரையும் ஒரு தடவை உக்கார வச்சுப் பேசிடுங்க, ஏன்னா தனித்தனியா போனா ஒருத்தர் ஒப்புக்கிட்ட விலையைக் காட்டித் தான் அடுத்தவரை மடக்குவாங்க. பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலைக்கு பேசுனார்னு உங்களுக்கு தெரியாது, புரோக்கருக்கு எல்லாரோடதும் தெரியும், அவரோட பலமே அது தான். தீர்மானத்துல ஓடை, பாதை, 500 மீட்டர், ஒரு பைசா நாலும் வரணும். கிராமசபை தீர்மானம் கம்பெனியைக் கட்டிப் போட்டுடுமான்னா, எல்லா விஷயத்துலயும் கட்டிப் போடாது. ஆனா அவங்களுக்கு லோன் குடுக்குற பேங்க்காரன் ஊர்ல தகராறு இருக்கான்னு தான் மொதல்ல கேப்பான், கிரேன் ஒரு நாள் சும்மா நின்னா வாடகை லட்சத்துல போகும், அதனால ஊரோட சுமுகமா போகணும்ங்குற தேவை உங்களை விட அவங்களுக்கு ஜாஸ்தி.

ஊரே சொந்தமா ஏதாவது வச்சுக்கணும்னு ஆசை அப்பவும் விடலன்னா, அந்த ஒரு பைசாக் காசுல பஞ்சாயத்து கட்டடத்து மாடியிலயும் குடிதண்ணி மோட்டார் ரூம் பக்கத்துலயும் சோலார் போடுங்க. சின்னதா ஆரம்பிக்கலாம், கியர் பாக்ஸ் கிடையாது, கழுவித் துடைச்சா போதும், காத்தாடி படுத்துக்கிற மாசி பங்குனில தான் அது நல்லா வேலை பாக்கும்.

அப்பா விஷயத்துல கடைசியா ஒண்ணு. அவருக்கு காசு அவசரமா வேணும்னா, அது கடனா, வைத்தியமா, உங்க கல்யாணமா எனக்கு தெரியாது, நான் இங்க உக்காந்து கிரயம் பண்ணாதீங்கன்னு சொல்றது சுலபம். அப்படின்னா மொத நாலஞ்சு வருஷக் குத்தகையை முன்பணமா கேட்டுப் பாருங்க, தர்ற கம்பெனி இருக்கு. அதுவும் முடியாம விக்கிறதுன்னே முடிவானா தூண் நிக்குற இடத்தை மட்டும் அளந்து உட்பிரிவு பண்ணிக் குடுங்க, மீதிக் காட்டுக்கு நடுவுல பாதை கோடு கிழிச்சுட்டுப் போகாம வரப்பு ஓரமா போகணும்னு எழுதுங்க. நடுவுல பாதை போன காட்டுல டிராக்டர் திருப்பக் கூட முடியாது.

தம்பி வேலை. வேலை தர்றோம்னு புரோக்கர் சொன்னா அது வாட்ச்மேன் வேலை, நிலம் குடுத்த வீட்டுக்கு ஒரு ஆளுன்னு ராத்திரி டிரான்ஸ்பார்மருக்கு காவல். ஐடிஐ முடிச்ச பையனுக்கு அது வேண்டாம். டெக்னீசியனா, பயிற்சி குடுத்து எடுக்கணும்னு அதையும் ஒப்பந்தத்துலயே எழுதச் சொல்லுங்க. ஆனா அதுக்கு முன்னாடி அவனுக்கு உயரம் ஒத்துக்குமான்னு பாக்கணும், படிச்ச பசங்க நிறைய பேர் இங்க தான் திரும்பிப் போயிருக்காங்க. தூணுக்குள்ள செங்குத்தா ஏணி, இடுப்புல பெல்ட், கையில ஸ்பேனர் பை, உள்ள ஒரே கிரீஸ் வாடை, வேர்த்துக் கொட்டும். மேல போய் மூடியைத் திறந்தா மேற்க மலை வரைக்கும் தெரியும், காலுக்கு அடியில மொத்த பெட்டியும் தொட்டில் மாதிரி லேசா ஆடும், அந்த ஆட்டம் சிலருக்கு மொத நாளே பிடிச்சுப் போயிடும், சிலருக்கு ஏழு ஜென்மத்துக்கும் பிடிக்காது. கயத்தாறு பக்கம் எனக்கு பழக்கமான பசங்க இருக்காங்க, ஒரு பழைய 50 மீட்டர் மெஷின்ல அவனை ஏறிப் பாக்கச் சொல்றேன். தை மாசம் வரச் சொல்லுங்க, ஆடியில வேண்டாம்.